யூராக்கஸ் புற்றுநோய்: சிறுநீர்ப்பையின் உச்சியில் தோன்றும் அரிய நோயைக் கண்டறிவதற்கும் சிகிச்சை பெறுவதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் குறிப்பிடுவது, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் யூரோதீலியம் என்ற படலத்தில் தொடங்கும் புற்றுநோயைத்தான். நோய் எதிர்ப்பைத் தூண்டும் பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது, கட்டியைச் சிறுநீர்த் துளை வழியாகச் சுரண்டி எடுப்பது, தேவைப்பட்டால் சிறுநீர்ப்பையை முழுமையாக அகற்றுவது என்று நாம் கேள்விப்படும் சிகிச்சை முறைகள் யாவும் அந்த வகையை மனத்தில் கொண்டு வளர்ந்தவை. இந்த வழிகாட்டி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படும் யூராக்கஸ் புற்றுநோயைப் பற்றியது. இது சிறுநீர்ப்பையின் உச்சிக்கும் தொப்புளுக்கும் இடையே உள்ள, பிறவியோடு வந்த ஒரு பழைய பாதையின் எச்சத்தில் தொடங்கிச் சிறுநீர்ப்பைக்குள் ஊடுருவுகிறது. ஆகவே இதற்கான பரிசோதனை வரிசை, அறுவை சிகிச்சை, மருந்து ஆகிய மூன்றும் வேறானவை. இந்நோயில் முதல் அறுவை சிகிச்சை எப்படிச் செய்யப்படுகிறது என்பதே பெரும்பாலும் நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் கத்தி வைப்பதற்கு முன்பே நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் அதன் மீது வலுவான சந்தேகமாவது எழுந்திருக்க வேண்டும்.

யூராக்கஸ் என்பது எது

கருவின் தொடக்க காலத்தில் சிறுநீர்ப்பை தொப்புள் வரை நீண்டிருக்கும். கரு வளர வளர அது இடுப்புக்குள் இறங்குகிறது. இடையில் இருந்த குழாய் சுருங்கி, மூடி, ஒரு நாராக மாறுகிறது. அந்த நாரே யூராக்கஸ். அது வயிற்றுச் சுவரின் பின்புறத்தில், பெரிட்டோனியம் எனப்படும் வயிற்று உள்ளுறைக்கு முன்னால், நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த நாருக்குள் நுண்ணிய குழாய் எச்சம் செல் படலத்தோடு எஞ்சியிருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதனால் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் வருவதில்லை.

இந்நோய் மருத்துவ எழுத்துகளில் முதலில் பதிவானது 1863ஆம் ஆண்டில். 1930களின் தொடக்கத்தில் பெக் என்ற ஆய்வாளர் யூராக்கஸின் அமைப்பையும் அதில் தோன்றும் சளி சுரக்கும் புற்றுநோய்களையும் விரிவாக விளக்கினார். எச்சத்தை மூடியிருக்கும் படலம் சிறுநீர்ப்பையின் படலத்தை ஒத்திருந்தாலும், அதில் தோன்றும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது குடல் சுரப்பிகளைப் போன்ற தோற்றம் கொண்ட அடினோகார்சினோமா வகையைச் சேர்ந்தவை. நோயைக் கண்டறிவதில் எழும் பெரிய குழப்பமும், மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கும் முக்கியமான துப்பும் இந்த ஒரே உண்மையிலிருந்துதான் பிறக்கின்றன.

சாதாரணச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைவிடச் சற்று இளைய வயதில், பெரும்பாலும் ஐம்பதுகளில், இது தலைகாட்டுகிறது. முப்பது, நாற்பது வயதினருக்கும் வருவதுண்டு. ஆண்களிடம் சற்று அதிகம். புகைபிடிப்பது சாதாரண வகைக்கு முதன்மைக் காரணமாக இருப்பதைப் போல, இதற்கென உறுதி செய்யப்பட்ட காரணம் எதுவும் இல்லை. ஆகவே "நான் புகைப்பதே இல்லை, எனக்கு எப்படி?" என்ற எண்ணம் பரிசோதனையைத் தள்ளிப்போட ஒரு காரணமாகிவிடக் கூடாது.

முதல் படி: அறிகுறியை அறிகுறியாக ஏற்பது

கட்டி முதலில் சிறுநீர்ப்பைக்கு வெளியே வளர்வதால், அது உட்சுவரைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கும் வரை நோயாளிக்கு எதுவுமே தெரியாமல் போகலாம். அப்போது பெரும்பாலும் முதலில் தெரிவது சிறுநீரில் இரத்தம். அது வலியில்லாமல் வரும். இரண்டொரு நாளில் தானாகவே நின்றும் விடும். நம் வீடுகளில் இதை உடல் சூடு என்றோ நீர்க்கடுப்பு என்றோ எடுத்துக்கொண்டு, இளநீரும் மோரும் வெந்தயமும் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இரத்தம் நின்றுவிட்டதும் அந்த வைத்தியம் பலித்துவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் கட்டியிலிருந்து வரும் இரத்தத்தின் இயல்பே விட்டு விட்டு வருவதுதான். கண்ணுக்குத் தெரியும்படி ஒரே ஒரு முறை சிறுநீரில் இரத்தம் வந்தாலும், அது நின்றுவிட்டாலும், அதற்கான காரணம் கண்டறியப்பட்டே ஆக வேண்டும்.

இந்நோய்க்கே உரிய இன்னொரு அறிகுறி, சிறுநீரில் வழவழப்பான சளி போன்ற பொருள் கலந்து வருவது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கே இது தோன்றும் என்றாலும், தோன்றினால் அதன் மதிப்பு மிகப் பெரியது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி தாமாகவே இதைச் சொல்ல வேண்டும். தொப்புளுக்குக் கீழே கையில் தட்டுப்படும் கட்டி, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதல், தொப்புளிலிருந்து நீரோ சீழோ இரத்தமோ கசிவது ஆகியவையும் காணப்படலாம். பெரியவர் ஒருவருக்கு "சிறுநீர்த் தொற்று" என்று மீண்டும் மீண்டும் மருந்து கொடுத்தும், கல்ச்சர் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால், அந்த இடத்திலேயே நின்று ஸ்கேன் கேட்பது முறையானது.

சிறுநீரில் புற்றுச் செல்களைத் தேடும் சைட்டாலஜி பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்தால் அதை நம்பி ஓய்ந்துவிடலாகாது. கட்டியின் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்கு வெளியே இருப்பதால் செல்கள் சிறுநீரில் உதிராமலே இருக்கலாம்.

இரண்டாம் படி: சரியான ஸ்கேன், சரியான கோணத்தில்

சிறுநீர்ப்பை நன்கு நிறைந்த நிலையில் எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் முதல் துப்பைத் தரும். நடுக்கோட்டில், சிறுநீர்ப்பையின் உச்சியிலோ முன்சுவரின் மேற்பகுதியிலோ கட்டி இருக்கிறது என்று அறிக்கையில் வந்தால், யூராக்கஸ் என்ற பெயர் அப்போதே உச்சரிக்கப்பட வேண்டும்.

அடுத்தது மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன். கட்டியின் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்கு வெளியே தொப்புளை நோக்கி நீண்டிருப்பதும், உள்ளே சளி நிறைந்திருப்பதால் அப்பகுதி அடர்த்தி குறைந்து தெரிவதும், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டியில் சுண்ணாம்புப் படிவுகள் காணப்படுவதும் இதன் அடையாளங்கள். நடுக்கோட்டில் உச்சியருகே உள்ள ஒரு கட்டியில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால், வேறு ஒன்று என்று நிரூபிக்கப்படும் வரை அதை யூராக்கஸ் புற்றுநோயாகவே கருத வேண்டும் என்பது ரேடியாலஜி மருத்துவர்களிடையே நிலவும் வழக்கம். எம்ஆர்ஐ எடுக்கும்போது உடலைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் சஜிட்டல் படங்கள் மிகவும் உதவுகின்றன. கட்டி தொப்புளை நோக்கி எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது, வயிற்றுச் சுவரைத் தொட்டிருக்கிறதா, சிறுநீர்ப்பையின் தசையில் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பவற்றை அறுவை மருத்துவர் இப்படங்களில்தான் தெளிவாகப் பார்க்கிறார்.

சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே முழுமையாகப் பொருந்தாது. சளி மிகுந்த கட்டிகள் சர்க்கரையைக் குறைவாகவே உறிஞ்சுவதால் அந்த ஸ்கேனில் மங்கலாகவோ, தெரியாமலோ போகக்கூடும். அது பிற ஸ்கேன்களுக்குத் துணையே தவிர மாற்று அன்று.

யூராக்கஸில் வரும் கட்டிகளெல்லாம் புற்றுநோய் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொற்று ஏறிய யூராக்கஸ் நீர்க்கட்டி ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே தோன்றக்கூடும். ஆனால் நடுத்தர வயதுக்கு மேல் புதிதாகத் தெரியவரும் திடமான கட்டியை வெறும் நீர்க்கட்டி என்று முடிவு கட்டி அவசரமாகக் கீறி வடிப்பதும், சாதாரண நீர்க்கட்டியாக எண்ணி அந்தப் பகுதியை மட்டும் எடுப்பதும், பின்னர் திருத்த முடியாத நிலையை உருவாக்கக் கூடும்.

மூன்றாம் படி: சிஸ்டோஸ்கோபியும் பயாப்ஸியும்

சிறுநீர்த் துளை வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியில், உச்சியில் ஒரு புண்ணோ, புடைப்போ, சில நேரங்களில் சளி வழியும் மேடோ தெரியும். அடிவயிற்றைக் கையால் அழுத்தும்போது சளி வெளிப்படுவதும் உண்டு. அதிலிருந்து சுரண்டி எடுக்கப்படும் திசுவைப் பேத்தாலஜி ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே குடும்பத்தினர் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண வகையில் இந்தச் சுரண்டி எடுத்தலே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்கலாம். யூராக்கஸ் நோயில் இது நோயைப் பெயரிட்டு அறிவதற்கான வழி மட்டுமே, ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது கட்டியின் நுனி. அடிக்கட்டி வெளியே இருக்கிறது. "கட்டியை எடுத்தாயிற்று" என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்பிவிடக் கூடாது. இதைத் தொடர்ந்து பிசிஜி செலுத்துவதாலும் பயன் இல்லை. அம்மருந்து படலத்தின் மேற்பரப்பில் பரவும் யூரோதீலியல் நோய்க்கு உரியது.

வயிற்றுச் சுவர் வழியே ஊசி செலுத்தித் திசு எடுப்பது, அறுவை சிகிச்சைக்கு உகந்த நிலையில் இருப்பவர்களிடம் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. ஊசி சென்ற பாதையில் புற்றுச் செல்களும் சளியும் சிந்தக்கூடும் என்பதே காரணம்.

நான்காம் படி: இது வேறிடத்திலிருந்து வந்த நோயா என்பதை உறுதிசெய்வது

பயாப்ஸி அறிக்கையில் "அடினோகார்சினோமா, குடல் வகைத் தோற்றம்" என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் குறைந்தது நான்கு விளக்கங்கள் இருக்க முடியும்: யூராக்கஸில் தொடங்கியது, சிறுநீர்ப்பைப் படலத்திலேயே தொடங்கியது, பெருங்குடலிலிருந்து நேரடியாகப் பரவியது, சினைப்பை அல்லது வேறு உறுப்பிலிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

திசுவில் உள்ள அடையாளப் புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனைகள் இதைத் தீர்த்துவிடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் சிகே20, சிடிஎக்ஸ்2 ஆகிய அடையாளங்கள் பெருங்குடல் புற்றுநோயிலும் யூராக்கஸ் புற்றுநோயிலும் ஒருசேரத் தெரியும். சிகே7 யூராக்கஸ் நோயாளிகளில் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. பீட்டா கேட்டனின் என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் பரவலாகச் சாயம் ஏற்றால் பெருங்குடலை நோக்கிச் சந்தேகம் திரும்பும். இவையெல்லாம் துணைச் சான்றுகள். மைக்ரோஸ்கோப்பின் கீழ் உள்ள திசுவை மட்டும் வைத்து ஒரு பேத்தாலஜிஸ்ட் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டி இருக்கும் இடம், ஸ்கேன் படம், பிற உறுப்புகளின் பரிசோதனை ஆகியவை அவருக்குத் தரப்பட்டே ஆக வேண்டும். ஆகவே திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஸ்கேன் அறிக்கையின் நகலும் உடன் செல்கிறதா என்று குடும்பத்தார் கேட்டறிவது சிறிய செயல் என்றாலும் மிகப் பயனுள்ளது.

மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவுகோல்கள் இவை: கட்டி சிறுநீர்ப்பையின் உச்சியிலோ முன்சுவரிலோ, நடுக்கோட்டில் இருக்க வேண்டும், அதன் மையம் சிறுநீர்ப்பைச் சுவருக்குள் இருக்க வேண்டுமே அன்றி உட்படலத்தில் அன்று, கட்டிக்கும் அருகிலுள்ள இயல்பான படலத்துக்கும் இடையே எல்லை கூர்மையாகத் தெரிய வேண்டும், உச்சிக்கு அப்பால் சிறுநீர்ப்பைப் படலம் முழுவதும் சுரப்பி வகை மாற்றங்கள் பரவியிருக்கக் கூடாது, வேறெங்கும் மூலப் புற்றுநோய் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை நிறைவேற்ற, பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவை. பெண்களுக்குச் சினைப்பையும் கருப்பையும், தேவையெனில் இரைப்பையும் பரிசோதிக்கப்பட வேண்டும். சிறுநீர் நோய்க்கு மலக்குடலில் ஏன் கேமரா என்று நோயாளி தயங்குவது இயல்பே. ஆனால் இந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டுச் செய்யப்படும் பெரிய அறுவை சிகிச்சை அடித்தளமில்லாத கட்டடமாகிவிடும்.

ஐந்தாம் படி: நோயின் நிலையைக் கணிப்பது

மார்பு, வயிறு, இடுப்பு ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய சிடி ஸ்கேன் எடுக்கப்படுகிறது. இந்நோய் நிணநீர் முடிச்சுகள், நுரையீரல், கல்லீரல், எலும்பு, பெரிட்டோனியம் ஆகியவற்றுக்குப் பரவக்கூடியது. இரத்தத்தில் சிஇஏ, சிஏ 19-9, சிஏ 125 ஆகிய புற்றுநோய்க் குறியீடுகளைச் சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை அளந்து வைப்பது அவசியம். இவை எல்லோருக்கும் உயர்ந்திருக்காது. உயர்ந்திருப்பவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் அளவு இறங்குவதும் பிற்காலத்தில் மீண்டும் ஏறுவதும் நம்பகமான தகவலைத் தரும். முன்பே அளக்காவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

நிலைகளைக் குறிக்க 1984இல் வெளியான ஷெல்டன் முறையும், பின்னர் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வகுத்த எளிய முறையும் வழக்கில் உள்ளன. ஷெல்டன் முறையில் 3ஏ என்றால் நோய் சிறுநீர்ப்பைக்குள் பரவியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலானோர் கண்டறியப்படுவது இந்த நிலையில்தான். "மூன்றாம் நிலை" என்ற சொல்லைக் கேட்டவுடன் பிற புற்றுநோய்களோடு ஒப்பிட்டு மனம் உடைந்துபோகத் தேவையில்லை. இங்கே 3ஏ நிலை, முழுமையாக அறுத்து எடுக்கக்கூடிய நோயையே குறிக்கிறது.

ஆறாம் படி: அறுவை சிகிச்சை

பரவாத நோய்க்கு அறுவை சிகிச்சையே அடிப்படை. அதன் முறை இது: சிறுநீர்ப்பையின் உச்சிப் பகுதி, யூராக்கஸ் நார் முழுவதும், தொப்புள், இவற்றோடு ஒட்டியிருக்கும் பெரிட்டோனியம் மற்றும் வயிற்றுத் தசையின் பின்னுறை ஆகிய அனைத்தும் துண்டுபடாமல் ஒரே தொகுதியாக அகற்றப்பட வேண்டும். கட்டியைத் தனியாகவும் நாரைத் தனியாகவும் எடுப்பது முறையன்று. நாரின் எந்தப் பகுதியிலும் புற்றுச் செல்கள் ஒளிந்திருக்கக்கூடும். கட்டியைத் திறந்துவிட்டால் சளியோடு செல்களும் வயிற்றுக்குள் சிந்தி, பின்னாளில் பெரிட்டோனியம் முழுவதும் பரவும் நோயாக மாறக்கூடும்.

தொப்புளை எடுப்பது பற்றிப் பலரும் அதிர்ச்சியடைகிறார்கள். உடலின் தோற்றம் சார்ந்த அந்த வருத்தம் மதிக்கப்பட வேண்டியது. பின்னர் புதிதாகத் தொப்புள் வடிவம் அமைத்துக்கொள்ள வழியும் உண்டு. ஆனால் தோற்றத்துக்காகத் தொப்புளை விட்டுவைக்கும்படி கேட்பது ஆபத்தான பேரம்.

சிறுநீர்ப்பை முழுவதையும் எடுக்க வேண்டுமா என்பதே நோயாளிகளை அதிகம் வாட்டும் கேள்வி. கிடைத்துள்ள அனுபவத் தொகுப்புகளின்படி, வெட்டி எடுக்கும் விளிம்புகளில் நோய் எஞ்சாமல் எடுக்க முடியுமானால், பகுதி அகற்றலும் முழு அகற்றலும் ஏறத்தாழ ஒரே பலனையே தருகின்றன. ஆகவே பெரும்பாலானோருக்குப் பகுதி அகற்றலே பொருத்தமானது. கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, எஞ்சும் சிறுநீர்ப்பை பயன்படாத அளவுக்குச் சிறிதாகிவிடும் என்றாலோ முழு அகற்றல் தேவைப்படும். விளிம்பு சுத்தமாக இருப்பதே குணமடைவதற்கான வலுவான அடையாளங்களில் ஒன்று என்பதால், அறுவையின்போதே விளிம்புத் திசுவை உறையவைத்துப் பரிசோதிக்கும் வசதி உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இடுப்பின் இருபுற நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து ஆய்வதால் உயிர்வாழ்வு நீளுகிறது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் நோயின் உண்மையான பரவலை அறிவதற்காக அது செய்யப்படுகிறது. திறந்த முறை, லேப்ராஸ்கோபி, ரோபோ ஆகிய மூன்றிலும் இந்த அறுவையைச் செய்யலாம். கருவியைவிட, இந்நோயைப் பற்றிய அறிவும் கட்டியைச் சிந்தவிடாத கவனமும் மருத்துவருக்கு இருப்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை: நார் முழுவதும் தொப்புளோடு சேர்த்து ஒரே தொகுதியாக எடுக்கப்படுமா? நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்படுமா? எந்தச் சூழ்நிலையில் முழுச் சிறுநீர்ப்பையையும் எடுக்க நேரும்? இந்த நோயாளியின் நிலை, சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவம் (யூராலஜி), மருந்துவழிப் புற்றுநோய் மருத்துவம், ரேடியாலஜி, பேத்தாலஜி ஆகிய துறையினர் கூடும் டியூமர் போர்டில் பேசப்பட்டதா? அரிய நோய் என்பதால், ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் மையத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக நினைக்கமாட்டார்.

அறுவைக்குப் பின் சிறுநீர்க் குழாய் ஓரிரு வாரங்கள் இருக்கும். தையல் ஆறியதை உறுதிசெய்த பின் அதை அகற்றுவார்கள். தொடக்கத்தில் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைந்திருப்பதால் அடிக்கடி கழிப்பறைக்குச் செல்ல நேரிடும். மாதங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலானோருக்கு அது தளர்ந்து விரிகிறது.

ஏழாம் படி: பேத்தாலஜி அறிக்கையைப் படித்து அடுத்த முடிவை எடுப்பது

அறிக்கையில் நான்கு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: விளிம்புகள், நிணநீர் முடிச்சுகள், பெரிட்டோனியத்தில் நோய் உண்டா என்பது, செல் வகை. மோதிர வடிவச் செல்கள் மிகுந்த வகை கூடுதல் வேகம் கொண்டது. மாறாக, சளி நிறைந்த நீர்க்கட்டியாக இருந்து ஊடுருவல் இல்லாத வகைகள், முழுமையாக எடுக்கப்பட்டால் மிக நல்ல பலனைத் தருபவை.

அறுவைக்குப் பின் எல்லோருக்கும் கீமோ தேவை என்பதற்குப் போதிய சான்று இல்லை. நோய் அரிதானதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தப்படவே இல்லை. விளிம்பில் நோய் எஞ்சியவர்கள், முடிச்சுகளிலோ பெரிட்டோனியத்திலோ நோய் இருந்தவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் கீமோவைப் பரிந்துரைக்கிறார்கள். முடிச்சுகள் முன்பே வீங்கியிருந்தால் அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. கதிர்வீச்சுக்கு இந்நோயில் இடம் குறைவு; எலும்பு வலி போன்றவற்றைத் தணிக்க அது உதவும்.

எட்டாம் படி: பரவிய நோய்க்கான மருந்து

நோய் சிறுநீர்ப்பையில் இருந்தாலும், அதன் குணம் குடல் புற்றுநோயின் குணத்தை ஒத்தது. ஆகவே வழக்கமான சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் கூட்டு மருந்துகளைவிட, 5-ஃப்ளூரோயூராசிலை அடிப்படையாகக் கொண்டு அதோடு பிளாட்டினம் மருந்தைச் சேர்க்கும் முறைகளே விரும்பப்படுகின்றன. 5-ஃப்ளூரோயூராசில், லியூக்கோவோரின், ஆக்ஸாலிபிளாட்டின் அடங்கிய ஃபோல்ஃபாக்ஸ் ஒன்று. ஜெம்சிடபின், 5-ஃப்ளூரோயூராசில், லியூக்கோவோரின், சிஸ்பிளாட்டின் ஆகியவற்றைச் சேர்த்து அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார் பயன்படுத்திய முறை இன்னொன்று.

சிஸ்பிளாட்டினுக்குச் சிறுநீரகம் நன்றாக இயங்க வேண்டும். காது கேட்கும் திறனையும் கவனிக்க வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் பெறுபவர்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலோ குடித்தாலோ விரல்களிலும் தொண்டையிலும் மரத்த உணர்வு ஏற்படும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எதையும் சில நாட்கள் தவிர்க்க வேண்டும். 5-ஃப்ளூரோயூராசிலைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அம்மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், டிபிஒய்டி மரபணுச் சோதனையை முன்கூட்டியே செய்ய இயலுமா என்று கேட்டறிவது நல்லது.

கட்டியின் மரபணுச் சோதனையும் இந்நிலையில் பொருளுள்ளது. கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் செடுக்சிமாப் போன்ற இலக்கு மருந்துகளால் பயன் கிடைக்க வாய்ப்பில்லை. மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் திறன் குறைந்ததன் அடையாளம்) அதிகம் உள்ள கட்டி என்று தெரிந்தால், எந்த உறுப்பில் தொடங்கியிருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தைத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அனுமதி அளித்துள்ளது. யூராக்கஸ் நோயாளிகளில் சிலருக்கே அந்த நிலை இருக்கும். இருப்பவர்களுக்கு அது புதிய வழியைத் திறக்கிறது.

ஒன்பதாம் படி: தொடர் கண்காணிப்பு

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே திரும்புகிறது. அதனால் அக்காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை மார்பு, வயிறு, இடுப்பு சிடி ஸ்கேன், சிஸ்டோஸ்கோபி, முன்பு உயர்ந்திருந்தால் சிஇஏ முதலிய இரத்தக் குறியீடுகள் ஆகியவை தொடர வேண்டும். பின்னர் இடைவெளியை நீட்டிக்கலாம். சிஸ்டோஸ்கோபி மட்டும் போதாது, ஏனெனில் நோய் சிறுநீர்ப்பைக்கு வெளியே, இடுப்பிலோ வயிற்றுச் சுவரின் பழைய தழும்பிலோ திரும்பலாம். தழும்பில் புதிய முடிச்சு, விடாத முதுகுவலி, மீண்டும் சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுக்கு அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கலாகாது.

வெளியான தொகுப்புகளில் மொத்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள்; விளிம்பு சுத்தமாகவும் முடிச்சுகள் நோயின்றியும் இருந்தவர்களின் நிலை அதைவிட மேலானது. திரும்பிய நோய் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அதை மீண்டும் அறுத்து எடுப்பதன் மூலம் நீண்ட காலம் நலமாக வாழ்ந்தவர்களும் உண்டு. அந்த வாய்ப்பு, திரும்பிய நோய் சிறியதாக இருக்கும்போதே கண்டறியப்படுவதைப் பொறுத்தது. எனவே பயாப்ஸியின் ஸ்லைடுகளும் மெழுகுப் பிளாக்குகளும் எந்த ஆய்வகத்தில் இருக்கின்றன என்பதைக் குறித்து வைத்து, அறுவைக் குறிப்பு, பேத்தாலஜி அறிக்கை, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகடுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அந்தக் கோப்பை உடன் எடுத்துச் செல்லவும்.